இரண்டாவது நாற்காலி

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். படித்து மனம் சோர வேண்டாம். முடிவில் நல்ல சேதியும் உண்டு.

டாக்டர் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒன்று நோயாளிக்கு, இன்னொன்று கூட வந்தவருக்கு. கல்யாணமாகி நாலைந்து வருஷமே ஆன பிள்ளைக்கோ பெண்ணுக்கோ புற்றுநோய் என்று வந்துவிட்டால், அந்த இரண்டாவது நாற்காலியில் யார் உட்கார்வது? கணவனா, மனைவியா, மாமனாரா, அண்ணனா? பார்க்கச் சாதாரணக் கேள்விதான். ஆனால் மருத்துவ உலகம் இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல ஐம்பது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே பிரான்சு நாட்டு உதாரணங்கள் கொஞ்சம் கூடுதலாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய வழக்கம். 1947-இல் பிரான்சில் மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளை அரசாணையாகவே வெளியிட்டார்கள். நோய் கடுமையானது என்றால் அதை நோயாளியிடம் மறைக்கலாம், குற்றமில்லை என்றது அந்த விதி. பிழைக்க வழியில்லை என்ற நிலையில், நோயாளியிடம் மிகுந்த எச்சரிக்கையோடுதான் வாய் திறக்க வேண்டும். ஆனால் குடும்பத்தாருக்குப் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதாவது, கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியாத சேதி, கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அரசாங்க முத்திரையும் இருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் டாக்டர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்குச் சுமார் 90 பேர், 'புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை' என்ற பக்கமே நின்றார்கள். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்குக் கையில் இருந்தது கத்தியும் கதிர்வீச்சும், இரண்டொரு மருந்துகளும்தான். கொடுக்க அதிகம் ஒன்றுமில்லாத டாக்டர், நம்பிக்கையையாவது கொடுப்போம் என்று நினைத்தார்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டது யார் என்று பாருங்கள். முப்பது வயது மனைவிக்கு நோய். கணவனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு டாக்டர் உண்மையைச் சொல்லிவிடுவார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான்" என்று சொல்ல வேண்டும். அன்று மட்டுமில்லை, தினமும் சொல்ல வேண்டும். ராத்திரி அவள் தூங்கின பிறகு அவன் என்ன செய்வான் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

மார்பகப் புற்றுநோயில் இது இன்னும் மோசம். ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய முறைப்படி, மார்பகத்தோடு அதன் அடியில் இருக்கும் தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஏறக்குறைய எழுபது எண்பது வருஷம் அதுவே வழக்கம். அதிலும் ஒரு பழக்கம் இருந்தது. கட்டியைச் சோதிக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா இருக்காதா என்று தெரியாமலேயே அந்தப் பெண் படுத்துக்கொள்ள வேண்டும். 1974 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக்கூட இப்படித்தான் நடந்தது.

அதே 1974-இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி, "முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள். முடிவை எனக்குச் சொல்லுங்கள். அடுத்தது என்ன என்று நான் யோசித்துச் சொல்கிறேன்" என்ற நிலையில் உறுதியாக நின்றார். அவர் கேட்டபடி செய்யச் சம்மதிக்கும் டாக்டரைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு பட்டார். 1979-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, சோதனையையும் அறுவையையும் தனித்தனியாகச் செய்வதே முறை என்று ஏற்றுக்கொண்டது. நடுவில் கிடைத்த அந்தச் சில நாட்களில்தான், கணவனும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தது.

அதற்கும் முன்னால், 1952-இல், நியூயார்க்கில் தெரேஸ் லாசர் என்ற பெண்மணிக்கு இந்த அறுவை நடந்தது. இனிமேல் எப்படி உடுத்துவது, கையை எப்படித் தூக்குவது, கணவனோடு எப்படி வாழ்வது என்ற கேள்விகளுக்கு அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவரே அறுவையான பெண்களைத் தேடிப் போய்ப் பேச ஆரம்பித்தார். பட்டவர் பட்டவருக்குச் சொல்லும் ஆறுதல். அதைப் பார்த்து 1975-இல் பிரான்சிலும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'முன்போல் வாழ்வோம்' என்று பொருள்படும் பெயர். நல்ல காரியம்தான். ஆனால் அங்கேயும் கணவன்மார் வெளித் திண்ணையில்தான்.

இந்த இடத்தில் நம் ஊர் சமாசாரம் ஒன்று. நான் அரசு அலுவலகத்தில் மருத்துவச் செலவு பில்களைப் பார்க்கும் பிரிவில் சில வருஷம் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் துறையிலேயே வேலை பார்த்த ஓர் இளைஞர். முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். அவருடைய பில்களை அவர் அண்ணன்தான் கொண்டுவந்து கொடுப்பார். டாக்டர் கையெழுத்துப் போட்ட எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட்டில் நோயின் பெயர் தெளிவாக இருக்கும். வீட்டுக்காரிக்கு மட்டும் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். 'பாவம், சின்னப் பொண்ணு, பயந்துடும்' என்பது காரணம். கணவரும் அதற்கு உடந்தை.

அவர் தவறிப்போன பிறகு, குடும்ப ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்துப் போட அந்தப் பெண் அலுவலகம் வந்தார். பாக்கி பில்லுக்காகப் பழைய கோப்பைப் பிரித்தபோது, முதல் சர்டிபிகேட் மேலே கிடந்தது. அதில் இருந்த தேதியை விரல் வைத்துப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "பதினாலு மாசம் சார்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. நோய் வந்ததைவிட, தன்னை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் அந்தப் பதினாலு மாதத்தில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவரை அதிகமாகத் தைத்தது என்று எனக்குப் பட்டது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அந்தக் கணக்கை இனி யாராலும் நேர் செய்ய முடியாது.

வழக்கம் மாறியது எப்படி? மருந்து வந்ததால் மாறியது. ஹாட்ஜ்கின் என்று ஒரு நிணநீர்ச் சுரப்பிப் புற்று. இருபது முப்பது வயதுக்காரர்களை அதிகம் பிடிப்பது. அமெரிக்காவில் 1964 முதல் நாலு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1970-இல் முடிவை வெளியிட்டபோது, பத்தில் எட்டுப் பேருக்கு நோயின் அடையாளமே மறைந்திருந்தது. அதுவரை சாவு நிச்சயம் என்றிருந்த இளைஞர்களுக்கு முன்னால் திடீரென்று முப்பது நாற்பது வருஷ வாழ்க்கை விரிந்தது. மாதக்கணக்கில் ஊசி ஏற்றும்போது, என்ன நோய் என்று சொல்லாமல் எப்படி ஏற்றுவது? சொல்லித்தான் ஆக வேண்டும். 1979-இல் அமெரிக்க டாக்டர்களை மறுபடியும் கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர் 'நோயாளியிடம் சொல்லிவிடுகிறோம்' என்றார்கள். பதினெட்டே வருஷத்தில் இப்படி ஒரு தலைகீழ் மாற்றம்!

ஆனால் பிழைத்தவர்களுக்குப் புதுக் கவலை ஒன்று வந்தது. அந்த நாலு மருந்துகள் நோயோடு சேர்த்துப் பிள்ளை பெறும் சக்தியையும் பெரும்பாலான ஆண்களிடம் அழித்துவிட்டன. எழுபதுகளில் மிலான் நகரத்து டாக்டர் போனதோனா வேறு நாலு மருந்துகளைச் சேர்த்துக் கண்டுபிடித்த முறை, இந்தக் கெடுதலை வெகுவாகக் குறைத்தது. பிரான்சில் 1973-இல் பாரீஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் டாக்டர் ழோர்ழ் தாவித், விந்தணுவை உறைய வைத்துப் பாதுகாக்கும் நிலையத்தைத் தொடங்கினார். சிகிச்சைக்கு முன்பே இளைஞர்கள் அங்கே சேமித்து வைக்கலாம். பெண்களுக்கு இன்னும் முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரசெல்ஸ் நகரில் டாக்டர் ழாக் தொன்னே, 1997-இல் ஹாட்ஜ்கின் நோய் கண்ட ஒரு பெண்ணின் சினைப்பைத் திசுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்து உறைய வைத்தார். பிறகு அதைத் திரும்பப் பொருத்தினார். 2004 செப்டம்பரில் அந்தப் பெண் ஒரு பெண் குழந்தை பெற்றாள். அதே 2004-இல் பிரெஞ்சுச் சட்டமும், கருத்தரிக்கும் சக்தியைக் கெடுக்கக்கூடிய சிகிச்சை பெறும் எவருக்கும் இந்தச் சேமிப்பு வசதி உண்டு என்று எழுதி வைத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 'பிள்ளை வேண்டுமா? இப்போதே எடுத்து வைக்கவா? சிகிச்சையைப் பத்து நாள் தள்ளலாமா?' என்பது ஒருவர் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. மாமனாரும் அண்ணனும் பதில் சொல்லக்கூடியதும் இல்லை. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது. வாலிபத்தில் வரும் புற்றுநோய்க்கும் நம் வயதில் வருவதற்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான். அவர்களுக்கு வீட்டுக் கடன் பாதி நிற்கும், குழந்தை பாலர் வகுப்பில் இருக்கும் அல்லது இன்னும் பிறந்தே இருக்காது. சேர்ந்து கஷ்டம் தாங்கிப் பழக்கமும் இருக்காது.

மனத்துக்கும் வைத்தியம் வேண்டும் என்பதை 1977-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை முறையாக ஏற்றுக்கொண்டது. ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் அங்கே முழுநேர மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1984-இல் இந்தத் துறைக்கென உலக அளவில் ஒரு சங்கமும் அமைந்தது. ஆனால் முதலில் கவனித்தது நோயாளியின் மனத்தைத்தான். துணையின் மனம்? அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

1991-இல் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், மாரடைப்பு வந்தவர்களையும் அவர்கள் மனைவிகளையும் கவனித்தார்கள். 'அவர் கவலைப்படக் கூடாது' என்று தன் பயத்தை மறைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கும் மனைவிக்குத்தான் மனச்சுமை அதிகம் ஏறுகிறது என்று தெரிந்தது. பின்னாளில் புற்றுநோய் வந்த தம்பதிகளிடமும் இதே சங்கதியைக் கண்டார்கள். அதே சமயத்தில் சுவிட்சர்லாந்தில் கீ போடன்மன் என்ற பேராசிரியர், கஷ்டம் ஒருவருக்கு வந்தாலும் அதைத் தாங்குவது இருவரும் சேர்ந்துதான். ஆகவே இருவரையும் ஒன்றாக வைத்தே பார்க்க வேண்டும் என்று எழுதினார். நம் பாட்டிமார் சொல்லாத புது விஷயமில்லை. ஆனால் மருத்துவமனைக்குள் அது நுழைய ஒரு பேராசிரியர் எழுத வேண்டியிருந்தது.

2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு என்னைத் தூங்கவிடவில்லை. மூளைக் கட்டி, மற்றப் புற்றுகள், நரம்பு நோய் என்று பெரிய நோய் வந்த 515 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தத்தில் பிரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 12. அது ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் பிரித்துப் பார்த்தால்? கணவனுக்கு நோய் வந்த குடும்பங்களில் நூற்றுக்கு 3 பேர்தான் பிரிந்தார்கள். மனைவிக்கு நோய் வந்த குடும்பங்களில் நூற்றுக்கு 21! அது அமெரிக்கக் கணக்கு, நமக்கு என்ன என்று தள்ளிவிடலாம். நம் ஊரில் விவாகரத்து என்று கோர்ட்டுக்குப் போவது குறைவு. அதற்குப் பதிலாக, நோய் வந்த பெண்ணை 'கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கட்டும்' என்று அனுப்பிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கணக்கு எந்த ஆய்விலும் ஏறாது.

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன். எண்பதுகளில் கனடாவில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பர்க் என்ற இருவர் தம்பதிகளுக்கான ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். பின்னர் அதைப் புற்றுநோய் வந்த தம்பதிகளுக்கும் பயன்படுத்தினார்கள். மருந்து மாத்திரை கிடையாது, பேச்சுதான். ஆனால் சும்மா பேசுவதில்லை. உதாரணமாக, மனைவி சாப்பிடவில்லை. கணவன், "ரெண்டு வாய்கூட சாப்பிட மாட்டேங்கிற" என்று எரிந்து விழுகிறான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவன் இன்னும் கத்துகிறான்; அவள் இன்னும் மௌனமாகிறாள். ஆலோசகர் இருவரையும் உட்கார வைத்து, சண்டை சாப்பாட்டைப் பற்றியது இல்லை என்று எடுத்துக் காட்டுவார். அவன் கோபத்துக்கு அடியில் 'இவள் போய்விடுவாளோ' என்ற பயம் இருக்கிறது. அவள் மௌனத்துக்கு அடியில் 'நான் இவருக்குப் பாரமாகிவிட்டேன்' என்ற எண்ணம் இருக்கிறது. அவன் அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் முறை. இப்படிப் பல வாரங்கள். டொரான்டோவில், மார்பகப் புற்று வந்த இளம் பெண்களும் அவர்கள் கணவர்களும் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகச் சேர்ந்து படிக்கும் பாடங்களைக்கூடத் தயாரித்திருக்கிறார்கள். ஓர் ஆலோசகரும் உடனிருந்து வழிகாட்டுவார்.

பிரான்சு? அங்கே நோயாளிகளே எழுந்து நின்றார்கள். 1998 நவம்பரில் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கம் பாரீசில் நோயாளிகளின் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டியது. 'எங்களுக்கு எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? நடைபாதையில், நின்றபடி, ஒரு நிமிஷத்தில்' என்கிற மாதிரி ஒவ்வொருவரும் சொன்ன குறைகள் மறு வருஷமே புத்தகமாக வந்தன. 2002 மார்ச்சில் புதுச் சட்டம். உண்மையை அறிவது நோயாளியின் உரிமை என்றது. அதோடு, நோயாளி தனக்கு நம்பிக்கையான ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் விரும்பினால் டாக்டரைப் பார்க்கும்போதும் உடன் அமரலாம் என்றது. இரண்டாவது நாற்காலிக்குச் சட்டமே இடம் போட்டுக் கொடுத்துவிட்டது! அதில் உட்கார்வது யார் என்று முடிவு செய்வது நோயாளி. குடும்பத்துப் பெரியவர் அல்ல. 2003-இல் ஜனாதிபதி ஷிராக் அறிவித்த புற்றுநோய்த் திட்டத்தின் எழுபது அம்சங்களில் ஒன்று, நோயை அறிவிக்கும் முறை பற்றியது. டாக்டர் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிறகு ஒரு செவிலியர் நோயாளியோடும் உடன் வந்தவரோடும் தனியாகப் பேச வேண்டும். மனநல உதவி வேண்டுமென்றால் வழி காட்ட வேண்டும். 1947 விதியிலிருந்து இங்கே வந்து சேர 56 வருஷம்.

நம் பக்கம் பார்ப்போம். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த அதே 1954-இல்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கண்ட கனவு அது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தார்கள். இன்று அங்கே நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் பேசுவதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது. மற்றப் பெரிய மருத்துவமனைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைப்பார்கள். 'எங்க பிள்ளைக்கு என்ன பைத்தியமா?' என்று நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டுச் சின்னஞ்சிறுசுகளுக்கு இப்படி ஒரு சோதனை வந்தால், நாம்தான் முதலில் ஓடிப் போய்க் கோப்பைக் கையில் வாங்கிக்கொள்கிறோம். டாக்டரிடம், "அவகிட்ட சொல்லாதீங்க, எங்ககிட்ட சொல்லுங்க" என்கிறோம். அன்பினால்தான். ஆனால் அந்தக் கோப்பு அவர்கள் இருவருடையது. டாக்டர் அறைக்குள் அவர்கள் இருவரும் போகட்டும். சிகிச்சை ஆரம்பிக்கும் முன் 'பிள்ளை பாக்கியம் பற்றிக் கேட்டீர்களா?' என்று மட்டும் ஞாபகப்படுத்துவோம். மருமகளை அம்மா வீட்டுக்கு அனுப்புவதானால், அதை அவளும் அவனும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நமக்கும் வேலை உண்டு. அவர்கள் திரும்பி வரும்வரை பேரக் குழந்தைக்குச் சோறு ஊட்டி, கதை சொல்லித் தூங்க வைக்கலாம். அதற்கு நம்மைவிடத் தகுந்த ஆள் யார்?